வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையை வைத்து இன்சுலின் உணர்திறனைக் கணிக்க முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் பிடி கிடைக்கும். உங்களுக்கு வயது 38. சிங்கப்பூர் அலுவலகம் ஏற்பாடு செய்த உடல்நலப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.4 மில்லிமோல், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.6, இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 2.1, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 0.92. பி.எம்.ஐ. 24.2, இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். சர்க்கரை நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த நோய் இருப்பதால் மனம் கேட்காமல், தனியார் ஆய்வகம் ஒன்றில் இன்சுலினும் பார்த்திருக்கிறீர்கள். அது 92. இணையத்தில் உள்ள கணிப்பான்களில் இந்த எண்களைப் போட்டால் ஒன்று 22 என்கிறது, இன்னொன்று 3.7 என்கிறது, மூன்றாவது 0.32 என்கிறது. எதை நம்புவது, இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை, இருக்கிறதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கேட்டு வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் காலம் கழித்தவன்; எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும், மருந்து எழுதுவது என் வேலை இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொன்னால்: 22 தவறு. 3.7, 0.32 இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இன்சுலின் எதிர்ப்பு இருப்பதற்கான தடயங்கள் உங்களிடம் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் அவை இன்சுலின் பரிசோதனைக்கு நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, அலுவலகம் கொடுத்த முதல் அறிக்கையிலேயே இருந்தன.

முதலில் அந்த 22-ஐ முடித்துவிடுவோம். இன்சுலினை இரண்டு அலகுகளில் எழுதுவார்கள். ஒன்று மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோயூனிட். இன்னொன்று லிட்டருக்கு இத்தனை பிகோமோல். உங்கள் 92 இரண்டாவது வகை. அறிக்கையில் எண்ணுக்கு வலப்பக்கம் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கணிப்பான் முதல் வகையை எதிர்பார்த்தது, நீங்கள் இரண்டாவதைக் கொடுத்தீர்கள். 92 மைக்ரோயூனிட் என்பது வயிறு முட்டச் சாப்பிட்ட சற்று நேரத்தில் எடுத்த இரத்தத்தில் வரக்கூடிய அளவு. வெறும் வயிற்றில் அவ்வளவு இருந்தால் எந்த ஆய்வகமும் அதைச் சும்மா அச்சிட்டு அனுப்பியிருக்காது.

பிகோமோலை மைக்ரோயூனிட்டாக மாற்ற 6-ஆல் வகுக்க வேண்டும். 92-ஐ 6-ஆல் வகுத்தால் 15.3. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில ஆய்வகங்களும் சில கருவிகளும் 6-க்குப் பதில் 6.945 என்ற பழைய மாற்று எண்ணைப் பயன்படுத்துகின்றன. அதன்படி உங்கள் இன்சுலின் 13.2 ஆகிறது. ஒரே குழாய் இரத்தம், ஒரே கருவி, ஒரே அளவீடு; வகுக்கும் எண்ணைப் பொறுத்து, கணிப்பான் பயன்படுத்தும் ஹோமா என்ற சூத்திரத்தின் விடை 3.7 என்றும் வரும், 3.2 என்றும் வரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைப் பார்த்து இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்தச் சூத்திரம். ஹோமா என்பது 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மேத்யூஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. வெறும் வயிற்று இன்சுலினை மைக்ரோயூனிட்டிலும் சர்க்கரையை மில்லிமோலிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 22.5-ஆல் வகுக்க வேண்டும். இந்த 22.5 எங்கிருந்து வந்தது என்று பலரும் யோசிப்பதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 4.5, இன்சுலின் 5 என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் பெருக்கினால் 22.5. அதாவது, அந்தக் கற்பனை மனிதரின் எதிர்ப்பு 1. மற்றவர்களை அவரோடு ஒப்பிட்டு அவரைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் ஹோமா. இந்தியாவில் எடுத்த அறிக்கைகளில் சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பதானால் 22.5-க்குப் பதில் 405-ஆல் வகுக்க வேண்டும். சிங்கப்பூர் அறிக்கையின் 5.4-ஐ 405 போட்ட கணிப்பானில் கொடுத்தால், உலகிலேயே மிக ஆரோக்கியமான மனிதர் நீங்கள்தான் என்று அது சொல்லிவிடும்.

பெருக்கிப் பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் கல்லீரல் விடுவது. அதை அளவோடு விடும்படி அடக்கி வைப்பது இன்சுலின். கல்லீரல் சொன்ன பேச்சைக் கேட்டால் கொஞ்சம் இன்சுலினே போதும். கேட்காவிட்டால் சர்க்கரை சற்று ஏறும். அதைக் கண்டு கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினை விடும். இரண்டும் ஓர் உயர்ந்த நிலையில் வந்து சமன்படும். சர்க்கரை 5.4 என்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த 5.4-ஐக் காப்பாற்ற எவ்வளவு இன்சுலின் செலவாகிறது என்று பார்க்கும்போதுதான் கதை வெளியே வருகிறது. அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு கணையத்தின் உழைப்புக்கும் ஒரு சூத்திரம் தந்தது: இன்சுலினை 20-ஆல் பெருக்கி, சர்க்கரையிலிருந்து 3.5-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுப்பது. உங்கள் எண்களுக்கு அது ஏறக்குறைய 140-இலிருந்து 160 வரை வருகிறது. இயல்பு 100. உங்கள் சர்க்கரை இன்று அழகாக இருப்பதற்குக் காரணம் கணையம் ஒன்றரை மடங்கு உழைப்பதுதான் என்று இதை வாசிக்கலாம். எத்தனை ஆண்டுகள் அப்படி உழைக்கும் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

இந்த விளக்கத்திலேயே ஹோமாவின் பெரிய குறை ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் கல்லீரலின் கதை. சாப்பிட்ட பிறகு சர்க்கரையை வாரிக்கொள்ள வேண்டியது தசை; அந்தத் தசை இன்சுலினுக்கு எப்படிச் செவிசாய்க்கிறது என்பதை வெறும் வயிற்று இரத்தம் நேராகக் காட்டாது. இரண்டும் பெரும்பாலோரிடம் சேர்ந்தே கெடுவதால் கணிப்பு ஓரளவு ஒத்துவருகிறது, அவ்வளவுதான்.

உண்மையாக அளக்க வேண்டுமானால் வேறு வழி. 1979-இல் டிஃப்ரான்ஸோ, டோபின், ஆண்ட்ரஸ் மூவரும் விவரித்த ‘கிளாம்ப்’ முறைதான் இன்றுவரை உரைகல். படுக்கையில் கிடத்தி ஒரு சிரையில் இன்சுலினை ஒரே சீராக ஏற்றுவார்கள். இன்சுலின் ஏறினால் சர்க்கரை இறங்கும். இறங்கவிடாமல் இன்னொரு பம்ப் வழியாக குளுக்கோஸ் கரைசலைச் செலுத்துவார்கள். மறு கை ஒரு சூடான பெட்டிக்குள் இருக்கும், சிரை இரத்தம் தமனி இரத்தத்தைப் போல ஆவதற்காக. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கையிலிருந்து சொட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரையைப் பார்த்து, குளுக்கோஸ் பம்பைக் கூட்டியோ குறைத்தோ ஒரே மட்டத்தில் பிடித்து வைப்பார்கள். இரண்டு மணி நேரமாவது ஆகும். கடைசியில், சர்க்கரையை அந்த மட்டத்தில் நிறுத்த நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் தேவைப்பட்டது என்பதுதான் விடை. நிறைய தேவைப்பட்டால் உடல் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது என்று பொருள். நாள் முழுக்க ஒரு நோயாளி, ஒரு மருத்துவர், ஒரு தாதி. இதை எந்தப் பாலிகிளினிக்கில் செய்ய முடியும்? ஆகவேதான் ஒரு குழாய் இரத்தத்தில் முடிகிற சூத்திரங்களைத் தேடினார்கள். அவை எல்லாம் இந்த உரைகல்லோடு உரசிப் பார்க்கப்பட்டவை. கூட்டமாகப் பார்க்கும்போது நன்றாகவே ஒத்துப்போகின்றன. தனி மனிதருக்கு வரும்போது பிசகுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் ஹோமா எங்கும் இருப்பதற்கும், மருத்துவரின் மேசையில் அதிகம் இல்லாததற்கும் காரணம் இதுவே.

பிசகுவதற்கான காரணங்களில் பாதி எங்கள் ஆய்வகச் சமாச்சாரம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கணையம் இன்சுலினை ஒரே சீராக விடுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை துடிப்புத் துடிப்பாக விடுகிறது. விட்ட இன்சுலினும் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். ஊசி போடும் தாதி ஒரு துடிப்பின் உச்சியில் இரத்தம் எடுத்தால் ஓர் எண், சரிவில் எடுத்தால் வேறொன்று. முறையாகச் செய்பவர்கள் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று குழாய் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். வணிக ஆய்வகத்தில் யாரும் மூன்று எடுப்பதில்லை. அடுத்தது, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி உண்டு. ஊசி சரியாக அமையாமல் அணுக்கள் உடைந்து, பிரித்தெடுத்த சீரம் இளஞ்சிவப்பாக வந்தால், இன்சுலின் அளவு குறைத்துக் காட்டும். பொறுப்பான ஆய்வகம் அந்தக் குழாயை நிராகரித்து மறுபடி வரச் சொல்லும். எரிச்சல் படாதீர்கள், அது உங்கள் நன்மைக்குத்தான். இதற்கெல்லாம் மேல், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே சீரத்துக்கு வெவ்வேறு இன்சுலின் அளவு தரும். சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உலகம் முழுக்கத் தரப்படுத்தல் வந்துவிட்டது. இன்சுலின் இன்னும் அந்த ஒழுங்குக்கு வரவில்லை.

முடி வளரவும் நகம் உறுதியாகவும் என்று விற்கிறார்களே பயோட்டின் மாத்திரைகள், அவற்றைச் சாப்பிடுபவர்கள் இரத்தம் எடுக்குமிடத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில வகை கருவிகளில் அதிக அளவு பயோட்டின் இன்சுலின் முடிவைப் பொய்யாகக் குறைத்துவிடும். தைராய்டு முடிவுகளையும் குழப்பும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே ஊசியைச் செருகும் இடங்கள்தான் அதிகம்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி, தண்ணீர் மட்டும். ‘கோப்பி ஓ கோசோங்’ சர்க்கரையும் பாலும் இல்லாததுதானே என்று பரிசோதனைக்கு வரும் வழியில் காப்பிக்கடையில் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வேண்டாம், காஃபீனும் கணக்கைக் கலைக்கும். டிரைகிளிசரைடும் பார்ப்பதானால் முதல் நாள் இரவு விருந்தும் மதுவும் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் எடுத்த டிரைகிளிசரைடை நான் நம்பமாட்டேன். மறுபுறம், தைப்பூச விரதத்தின் நடுவிலோ நோன்பு மாதத்திலோ எடுத்த இன்சுலினும் உங்கள் வழக்கமான உடலைக் காட்டாது. காய்ச்சல், ஸ்டீராய்டு ஊசி, இரவு வேலை முடிந்து தூங்காமல் நேரே வருவது, முதல் நாள் நெடுந்தூர ஓட்டம் இவையும் அப்படியே. உங்கள் கேள்வியில் சுழல்முறை வேலை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரத்தம் எடுத்தது இரவுப் பணிக்கு மறுநாள் காலையா என்று பாருங்கள். ஆமென்றால் அந்த 92-ஐச் சற்றுத் தளர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஹோமா 2.5-க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு’ என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறதே என்பீர்கள். அந்த எல்லை பரவலாகப் புழங்குகிறது, உண்மைதான். ஆனால் எல்லா நாட்டுக்கும் எல்லா இனத்துக்கும் எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் எல்லை ஹோமாவுக்கு இல்லை. பெரும்பாலான ஆய்வுகளில் அந்த ஊர் மக்களை வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள கால்வாசிப் பேரையோ பத்தில் ஒருவரையோ ‘எதிர்ப்பு உள்ளவர்’ என்று பெயர் சூட்டினார்கள். ஊர் மாறினால் எல்லையும் மாறும். பருவ வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே ஏறும். அவர்களுடைய எண்ணைப் பெரியவர்களின் எல்லையோடு ஒப்பிடவே கூடாது. 1998-இல் வந்த ஹோமா2 என்ற கணினி மாதிரி பழைய சூத்திரத்தைவிடச் செம்மையானது, அலகையும் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் அது தரும் எண் பழையதைவிடக் கணிசமாகக் குறைவாக வரும். ஒன்றின் எல்லையை மற்றதற்குப் போட்டுவிட்டு ‘தப்பித்தேன்’ என்று மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி அந்த 0.32. அது குவிக்கி என்ற குறியீடு, 2000-ஆம் ஆண்டில் வந்தது. இன்சுலினின் மடக்கையையும் சர்க்கரையின் மடக்கையையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுப்பது. இங்கே சர்க்கரை மில்லிகிராமில் இருக்க வேண்டும், உங்கள் 5.4 மில்லிமோல் என்பது 97 மில்லிகிராம். ஹோமா ஏறினால் எதிர்ப்பு அதிகம்; குவிக்கி இறங்கினால் எதிர்ப்பு அதிகம். அதை உருவாக்கியவர்களின் ஆய்வில் பருமன் இல்லாதவர்களின் சராசரி 0.382, பருமன் உள்ளவர்களின் சராசரி 0.331, நீரிழிவு உள்ளவர்களின் சராசரி 0.304. மடக்கை எடுப்பதால் கிளாம்ப் முடிவோடு குவிக்கி இன்னும் சற்று நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹோமாவில் பெருக்கிய அதே இரண்டு எண்களைத்தான் இங்கே மடக்கை வழியாகப் பெருக்குகிறோம். ஹோமா தெரிந்தால் குவிக்கியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆகவே ‘இரண்டு கணிப்பான்களும் ஒரே மாதிரி சொல்கின்றன, உறுதியாகிவிட்டது’ என்று முடிவு கட்டுவது, ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றிவிட்டு இரண்டு சாட்சி என்று எண்ணுவதுபோல. இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அது உங்கள் முதல் அறிக்கையில் இருக்கிறது என்றேனே, அதுதான் டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களைக் கட்டுப்பாடின்றி விடுகிறது. அவை கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மூட்டை கட்டி மீண்டும் இரத்தத்துக்கு அனுப்புகிறது. அனுப்ப முடியாததைத் தனக்குள்ளேயே சேர்த்துக் கொழுத்துப்போகிறது. இரத்தத்தில் மிதக்கும் அந்த மூட்டைகள் எச்.டி.எல். துகள்களோடு கொழுப்பைப் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன, மாற்றிக்கொண்ட எச்.டி.எல். துகள் சீக்கிரம் கழிந்துபோகிறது. டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கும் இந்த ஜோடி, நம் சமூகத்து அறிக்கைகளில் நான் மிக அதிகமாகப் பார்த்த ஜோடி.

உங்களுக்கு 2.1-ஐ 0.92-ஆல் வகுத்தால் 2.3. அமெரிக்கக் கட்டுரைகளில் எல்லை 3 அல்லது 3.5 என்று படித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அது மில்லிகிராம் கணக்கு. மில்லிமோல் விகிதத்தை 2.29-ஆல் பெருக்கினால்தான் மில்லிகிராம் விகிதம் வரும். உங்களுடையது 5.2. அதாவது 3.5-ஐத் தாண்டி வெகுதூரம். இந்த விகிதமும் எல்லா இனத்தவருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எதிர்ப்பு இருந்தாலும் டிரைகிளிசரைடு ஏறாமல் இருப்பது வழக்கம் என்பதால் அவர்களிடம் இது ஏமாற்றிவிடுகிறது.

டிரைகிளிசரைடையும் சர்க்கரையையும் சேர்த்து மெக்ஸிகோ நாட்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு குறியீடு தந்தார்கள். இன்சுலினே வேண்டாம் என்பது அதன் அழகு. எந்தச் சாதாரணப் பரிசோதனையிலும் இருக்கும் இரண்டு எண்கள் போதும். அதிலும் ஒரு குழி உண்டு. இரண்டையும் மில்லிகிராமில் பெருக்கி, பாதியாக்கி, பிறகு இயல் மடக்கை எடுப்பவர்கள் ஒரு கட்சி. முதலில் மடக்கை எடுத்து, பிறகு பாதியாக்குபவர்கள் இன்னொரு கட்சி. உங்களுக்கு முதல் வழியில் 9.11, இரண்டாம் வழியில் 4.90. கிளாம்ப் முறையோடு ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த கட்டுரையின் எல்லை 4.68, அது இரண்டாம் வழிக்கு உரியது. முதல் வழிக்கு மாற்றினால் 8.67 ஆகும். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் எல்லைக்கு மேலே.

ஆக இன்சுலினை விட்டுவிட்டாலும் டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., இடுப்புச் சுற்றளவு, அப்பாவின் நோய் என்று நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இடுப்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை, உங்களுடையது 94. பி.எம்.ஐ. 24.2 என்பது வெள்ளையர்களுக்கான பட்டியலில் இயல்பு. சிங்கப்பூரிலோ 23-ஐத் தாண்டினாலே நடுத்தர ஆபத்து, 27.5-ஐத் தாண்டினால் உயர் ஆபத்து. ‘ஒல்லியாகத்தானே இருக்கிறேன், தொப்பை மட்டும்தான் கொஞ்சம்’ என்ற வாக்கியத்தை நம் ஆண்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வருவதுதான் இந்த நோயின் முகவரி.

இது வெறும் பேச்சு இல்லை. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு, சீனர்களில் 9.7, இந்தியர்களில் 17.2. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனத்து மக்களையும் அருகருகே வைத்து இங்கேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒல்லியானவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும் இந்தியர்களுக்கு இன்சுலின் உணர்திறன் சீனர்களைவிடக் குறைவாக இருந்தது. எடை கூடக் கூட மற்ற இனத்தவரும் நம்மை எட்டிப் பிடிக்கிறார்கள். அதாவது பக்கத்து வீட்டுச் சீன நண்பரும் நீங்களும் ஒரே எடை, ஒரே உயரம் என்பதால் ஒரே ஆபத்து என்று எண்ண வேண்டாம்.

எச்பிஏ1சி 5.6-ஐப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் வழிகாட்டியின்படி 6.0 வரை நீரிழிவு இல்லை என்று கொள்ளலாம், 6.1 முதல் 6.9 வரை இருந்தால் மேலும் சோதிப்பார்கள், 7.0-உம் அதற்கு மேலும் நீரிழிவு. வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் 6.1 முதல் 6.9 வரைதான் இங்கே இடைநிலை, 5.6-இலிருந்தே இடைநிலை என்று நீங்கள் படித்தது அமெரிக்க எல்லை. தலசீமியா மரபு உள்ளவர்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கும் எச்பிஏ1சி திசைமாறிக் காட்டக்கூடும். உங்கள் ஹீமோகுளோபின் இயல்பாக இருப்பதால் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சாப்பிட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 7.8-ஐத் தாண்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. தசையின் பிடிவாதம் அங்கேதான் அம்பலமாகும். அந்தச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் உங்கள் குடும்ப வரலாற்றையும் கொழுப்பு அறிக்கையையும் காட்டி, செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. இன்சுலினை இரண்டாம் முறை பார்க்கச் செலவழிக்க இருந்த பணத்தை இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. கல்லீரல் நொதிகளும் அறிக்கையில் இருந்தால் அவற்றில் ஏ.எல்.டி. என்பதைப் பாருங்கள், ஏறியிருந்தால் கொழுத்த கல்லீரலைப் பற்றியும் கேளுங்கள்.

உங்கள் அப்பாவுக்கும் ஹோமா கணக்கிட்டு 1.4 வந்ததாகவும், ‘அவர் என்னைவிட நன்றாக இருக்கிறார்’ என்றும் எழுதியிருந்தீர்கள். இது ஆபத்தான வாசிப்பு. நீரிழிவு முற்றும்போது கணையம் களைத்து இன்சுலினைக் குறைத்துவிடுகிறது. பெருக்கலில் ஓர் எண் விழுந்தால் விடையும் விழும். எதிர்ப்பு குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் குறைந்தது இன்சுலின். அதோடு அவர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் இந்தச் சூத்திரத்துக்கு அர்த்தமே இல்லை; ஊசியில் போன இன்சுலினையும் கருவி எண்ணக்கூடும், சில வகை ஊசி இன்சுலினை எண்ணாமலும் விடக்கூடும்.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒரு வரி: உங்கள் எண்களுக்கு அதை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அது முன்நீரிழிவு, அதாவது மேலே சொன்ன இடைநிலை, உறுதியாகி, உணவும் உடற்பயிற்சியும் போதாத நிலையில் மருத்துவர் எடுக்கும் முடிவு. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடமே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒன்றும் செய்யாத குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் செய்த குழுவில் 39.3, மெட்ஃபார்மின் எடுத்த குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இடைநிலைக்குப் போனவர்கள். நீங்கள் இன்னும் அங்கே போகவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் அன்றாடத்தில் நீங்களே எழுதியிருந்த மூன்று தே தாரேக்கில் தொடங்கலாம். கெட்டிப்பால் ஊற்றிய அந்தத் தேநீரைச் சர்க்கரை இல்லாத ‘தே சி கோசோங்’ ஆக்குங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் இனிப்பைக் குறைக்கச் சொல்லும் ‘சியூ டாய்’ என்று சொல்லிப் பழகுங்கள். சர்க்கரையையும் மாவையும் மதுவையும் குறைத்தால் டிரைகிளிசரைடு சட்டென்று இறங்கிக் கொடுக்கும். நெய்யை நிறுத்திவிட்டுச் சோற்றைக் கூட்டினால் அது இறங்காது, ஏறும். இதை நம் வீடுகளில் புரியவைப்பது கடினம், ‘எண்ணெயே சேர்ப்பதில்லையே, ஏன் கொழுப்பு’ என்று அம்மாக்கள் கேட்பார்கள். நடையோடு தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். சர்க்கரையை வாரிக்கொள்வது தசை என்று மேலே சொன்னது அதற்காகத்தான். இரவுப் பணி நாள்களில் நள்ளிரவு பிரட்டாவை (பரோட்டாவை) தவிர்க்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும்.

நாற்பது வயதானால் சுகாதாரத் துறையின் பரிசோதனைத் திட்டங்களிலும் ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்திலும் உங்களுக்கு இடமுண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று காத்திருக்க வேண்டாம். 18 முதல் 39 வயதினருக்கென்றே சுகாதார மேம்பாட்டு வாரியம் இணையத்தில் நீரிழிவு அபாய மதிப்பீடு ஒன்றை வைத்திருக்கிறது. அதன் முடிவையும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு வழக்கமான குடும்ப மருத்துவரிடம் போங்கள். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, பகல் பணியில் இருக்கும் வாரத்தில், அதே ஆய்வகத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் மறுபடி பாருங்கள். இடுப்பை அளக்கும்போது தொப்புளைக் குறி வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் வையுங்கள். டிரைகிளிசரைடு 1.7-க்குக் கீழே வந்து, எச்.டி.எல். 1.0-ஐத் தாண்டி, டேப் 90-க்குள் மூடிக்கொண்டால் இன்சுலினை மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.